ஊரணிக்குப் போற தண்ணியோட வழியையும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல செட்டிநாட்டு வீடுகளப் பத்தி ரெண்டு பக்கத்துக்குப் படத்தோட ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, எங்க காலேஜ் குரூப்ல யாரோ போட்டோ எடுத்துப் போட்டாங்க, அப்படித்தான் படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க. ரங்கூன் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வந்திருந்துச்சு, வளவுல, அதாவது வீட்டு நடு முத்தத்துல, பந்தி போட்டு ஊரையே கூட்டிக் கல்யாணம் பண்ணின கதையும் இருந்துச்சு. ஆனா தண்ணியப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் கட்டடக்கலை நாலாவது வருஷம் படிக்கிறேன், இந்த செமஸ்டர்ல எகாலஜிக்கல் டிசைன்னு ஒரு பேப்பர், அதுக்காக இந்த ஐப்பசியில ஒரு வாரம் காரைக்குடியில தங்கி சுத்துப்பட்டு ஊரெல்லாம் அளந்து வரைஞ்சுட்டு இப்பதான் வந்தோம். அந்த வாரத்துல நாங்க கத்துக்கிட்டதுல பாதிக்கு மேல தண்ணி சம்பந்தப்பட்டதுதான். அதனாலதான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க, சுருக்கினா விஷயம் போயிடும்.

எகாலஜிக்கல் டிசைன்னு சொன்னதும் நிறைய பேரு மாடியில சோலார் பேனல், பால்கனியில நாலு தொட்டி, அவ்வளவுதான்னு எடுத்துக்குறாங்க, எங்க வீட்டுலயே அப்படித்தான் கேட்டாங்க. எங்களுக்குச் சொல்லித்தர்றது வேற. ஒரு இடத்துல வெயில் எந்தப் பக்கம் விழுது, காத்து எங்கருந்து வருது, பெய்யிற மழை எங்க போய்ச் சேருது, மண்ணு என்ன மண்ணு, கட்டுற சாமான் எவ்வளவு தூரத்துலருந்து வருது, நாளைக்கு இடிச்சா அது என்ன ஆகும், இவ்வளவையும் கேட்டுட்டு அப்புறம்தான் பென்சிலையே எடுக்கணும். லாரி பேக்கர்னு ஒரு கட்டடக்கலைஞர் கேரளாவுல செங்கல்ல நிறுத்தி வச்சு நடுவுல காலி விட்டுக் கட்டின எலிப்பொறிக் கட்டு, அதுல நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம் ஆகுறது, ஆரோவில்ல மண்ணோட அஞ்சு சதவீதம் போல சிமெண்ட் கலந்து அழுத்தி சூளைக்கே போகாம கல்லு பண்றது, இதெல்லாம் க்ளாஸ்ல ஸ்லைடுல பாத்தாச்சு. ஒரு வீடு மட்டும் இல்லாம ஒரு ஊரே அப்படி யோசிச்சுக் கட்டினத நேர்ல பாக்கணும்னுதான் எங்க மேடம் இங்க கூட்டிட்டு வந்தாங்க.

காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சுன்னாலும் பழைய ஊர்ப்பகுதிய நடந்தே பாத்துரலாம், அவ்வளவு சின்ன ஊருதான். ஆனா எங்களுக்கு உக்கார நேரமில்ல. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி டேப்ப புடிச்சு அளவெடுக்கணும், பகல்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ வெளித்திண்ணையிலயும் வளவுலயும் ரெண்டாங்கட்டுலயும் தெர்மாமீட்டர் பாத்துக் குறிக்கணும், சாயங்காலம் கொத்தனாரோ ஆசாரியோ யாராச்சும் கிடைச்சா அவங்ககிட்ட கேட்டு எழுதணும், ராத்திரி ரூம்ல பன்னெண்டு மணி வரைக்கும் ஷீட்டுல வரையணும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர்னு பஸ்ஸு பிடிச்சு பிடிச்சுப் போனோம், மத்தியானச் சாப்பாடு பாதி நாள் பஸ்ஸுலதான்.

வீட்டோட அமைப்பு உங்க வாசகர்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால வேகமா சொல்லிட்டுப் போறேன். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு வரிசையா போயி பின்தெருவுல முடியுது, வாசக்கதவும் பின்கதவும் நேருக்கு நேரா இருக்கும், முன்னாடி நின்னா பின்னாடி தெரு தெரியும். தடிமனான செங்கல் செவுரு, வெளிப்பக்கம் ஜன்னல் சின்னது, வளவு மட்டும் வானத்தப் பாத்துத் தொறந்து கெடக்கும், சூடான காத்து அது வழியா மேல ஏறிப் போகப் போக நேர்க்கதவு வழியா புதுக் காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கும். ஓடு அடுக்கடுக்கா போட்டிருக்கு, அதுக்கு அடியில வெயில் வந்து சேரவே நேரமாகும். நாங்க பாத்த வீட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளியிலயும் ரெண்டாங்கட்டுலயும் நாலஞ்சு டிகிரி வித்தியாசம் இருந்துச்சு, ஃபேன் கூட ஓடல. சித்திரை வைகாசியில போனா இன்னும் கூடுதலா இருக்கும்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க.

இப்ப தண்ணிக்கு வர்றேன். வாரத்துக்கு நடுவுல ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை பிடிச்சுது. நாங்க வளவுல உக்காந்து தூண் வரைஞ்சுக்கிட்டிருந்தோம். மேடம் பென்சில எல்லாம் கீழ போடச் சொல்லிட்டு தண்ணிய மட்டும் பாருங்கன்னாங்க. நாலு பக்கத்து ஓடும் வளவப் பாத்துத்தான் சாயுது, ரெண்டு சாய்வு சேர்ற மூலையில கூடல்வாய்னு சொல்ற தகரம் இருக்கு, அதுல மொத்தத் தண்ணியும் ஒண்ணு சேந்து தடதடன்னு கொட்டுது. அந்த மூலைக்கு நேர் கீழ அண்டா வைக்கிறதுக்குன்னே கல்லு போட்டிருக்கு. வீட்டப் பாத்துக்குற பெரியவர் அண்டாவ உடனே வைக்கல. ஏன் ஐயா வைக்கலன்னு கேட்டோம். "மொதத் தண்ணிய விட்டுறணும் தாயி, ஓட்டுல கெடக்குற தூசி, காக்கா எச்சம் எல்லாம் கழுவிப் போகட்டும், அப்பறம் வச்சா குடிக்கவே குடிக்கலாம்"னாரு. எங்க பாடத்துல இதுக்கு ஒரு வால்வு போட்டுப் படமே இருக்கு, அவரு கண்ணால பாத்தே தண்ணி தெளிஞ்சதும் அண்டாவ நகத்தி வச்சாரு.

மீதித் தண்ணி வளவுத் தரையில விழுந்து, லேசான சாய்வுல ஒரு ஓரமா ஓடி, கல்லுல துளை போட்ட ஜலதாரை வழியா உள்ள போயிருது. வளவுல தேங்கவே இல்ல. அது எங்க போகுதுன்னு பாக்க குடையப் பிடிச்சுக்கிட்டு வெளிய ஓடினோம். திண்ணைக்கு அடியில தரைக்குள்ள போயி தெரு ஓரத்துக் கல் வாய்க்கால்ல வந்து விழுது. பக்கத்து வீட்டுத் தண்ணியும் அதே வாய்க்கால்ல. எதிர் வரிசைக்கும் அதே மாதிரி. தெரு முனையில ரெண்டு வாய்க்காலும் சேந்து அடுத்த தெருவுக்குத் திரும்புது, அங்கருந்து ஊரணி. கூரையில விழுந்த தண்ணி ஊரணிப் படியில எறங்குற வரைக்கும் நாங்க கூடவே நடந்து போனோம், எந்த இடத்துலயும் மோட்டார் இல்ல, பைப் இல்ல, சாய்வு மட்டும்தான். நனைஞ்சு போயி நின்னோம், ஆனா எங்க க்ளாஸ்ல ஒருத்தர் கூட ரூமுக்குப் போகலாம்னு சொல்லல.

அடுத்த நாள் காலையில கொத்தனார் ஒருத்தர்கிட்ட டியூப் லெவல் கடன் வாங்கி அந்தத் தெருவ அளந்தோம். கண்ணாடி மாதிரி டியூப்புல தண்ணிய நெறைச்சு, குமிழ் இல்லாம பாத்து, ரெண்டு முனையையும் ஆளுக்கொருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னா தண்ணி மட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்கும், அதுலருந்து தரை எவ்வளவு எறங்கியிருக்குன்னு டேப்புல பாத்துரலாம். கண்ணுக்குத் தெரு மட்டமாத்தான் தெரியுது. ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் விரல் கணக்குல எறங்கிக்கிட்டே போகுது. நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே டியூப் கூட இல்லாத காலத்துல, ஒவ்வொரு வீடும் வேற வேற ஆளு, வேற வேற வருஷம் கட்டினது, அப்படியும் ஒருத்தர் கூட அந்தச் சாய்வ ஒடைக்கல. வீட்ட எவ்வளவு பெருசா வேணும்னாலும் கட்டிக்கலாம், ஆனா தண்ணி வழி ஊரோடதுங்குற ஒழுங்கு இருந்திருக்கு. எனக்கு அந்த வீட்டுத் தேக்குத் தூண விட இதுதான் பெருசாத் தெரிஞ்சுது.

கணக்கையும் சொல்லிடுறேன். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர் தண்ணி. கூரை 500 சதுர மீட்டர்னு வச்சுக்கங்க, செட்டிநாட்டுல அது பெரிய வீடே இல்ல, 40 மில்லிமீட்டர் மழைக்கு 20,000 லிட்டர் வரும், அது ஒரே வீட்டுலருந்து, ஒரே மழையில. தண்ணி லாரி ஒண்ணு 12,000 லிட்டர்தான் கொண்டு வருது. சிவகங்கைப் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் பெய்யுது, அதுலயும் ஒரு பெரிய பங்கு ஐப்பசி கார்த்திகையில கொட்டித் தீத்துரும். வருஷம் பூரா ஓடுற ஆறு இல்லாத சீமை, பெய்யிற கொஞ்ச நாள்ல பிடிச்சு வச்சாத்தான் உண்டு. அதனாலதான் குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒரு ஊரணி, மாட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருந்தாங்க, குடிதண்ணி ஊரணியில செருப்போட எறங்கவே விடமாட்டாங்க. செம்புறாங்கல்லு வச்சுக் கட்டின கரை, படி, தண்ணி உள்ள வர்ற எடத்துல வண்டல் தங்குறதுக்கு ஒரு குழி. ஊரணியில தண்ணி நின்னா அது ஊறி சுத்தியிருக்குற வீட்டுக் கிணறு எல்லாத்துலயும் ஏறும், வீட்டுப் பின்கட்டுக் கிணத்த மட்டும் பாத்துட்டு வந்தா இந்தத் தொடர்பே தெரியாது. காரைக்குடிக்காரங்க அவங்க ஊருக்குக் குடிதண்ணி குடுக்குற சம்பை ஊத்துத் தண்ணியப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், பூமிக்குள்ள எறங்குற தண்ணிக்கு அவங்க குடுத்த மரியாதை அது.

இப்ப வருத்தமான விஷயம். பக்கத்துல ஒரு சின்ன ஊருக்குப் போனோம், ஊர் பேரு வேணாம், ஒரு ஊரச் சொன்னா அந்த ஊருல மட்டும்தான் இப்படின்னு ஆயிரும். அங்க வீடெல்லாம் அருமையா இருக்கு, பெயின்ட் அடிச்சு சினிமா ஷூட்டிங்குக்கெல்லாம் விடுறாங்க. ஊரணியும் இருக்கு, சுத்தி கம்பி வேலி, நடைபாதை, பெஞ்சு எல்லாம் போட்டிருக்காங்க. ஆனா மழைக் காலத்துலயும் ஊரணியில முழங்கால் தண்ணி கூட இல்ல. ஏன்னு பாத்தா தெருவுல கான்கிரீட் ரோடு போட்டிருக்கு. பழைய ரோட்ட எடுக்காம மேலயே போட்டிருக்காங்க, அதுக்கு முன்னாடி போட்ட தாரும் அடியில அப்படியே கெடக்கு. தெரு அவ்வளவு உசந்துருச்சு, கல் வாய்க்கால் பாதி ரோட்டுக்கு அடியில போயிருச்சு, மீதி இருந்ததுல புதுசா சிமெண்ட் வாய்க்கால் கட்டியிருக்காங்க, அதோட சாய்வு ஊரணிக்கு எதிர்ப்பக்கம். நாங்க டியூப் லெவல் வச்சு ரெண்டு தடவ பாத்தோம், சந்தேகமே இல்ல. தண்ணி ஊரணிக்குப் போகாம மெயின் ரோட்டு ஓரத்துல போய்த் தேங்குது, அங்க கடை வச்சிருக்குற அண்ணன் வருஷா வருஷம் மணல் மூட்டை அடுக்குறாராம். ஒரே மழையில ஊரணி காஞ்சும் கெடக்கு, ரோட்டுல வெள்ளமும் நிக்குது.

திண்ணைக்கு ஏழெட்டுப் படி இருந்த வீட்டுல இப்ப மூணு படிதான் வெளிய தெரியுது. செட்டிநாட்டு வீடுகள் எல்லாம் தரையிலருந்து நல்லா உசத்திக் கட்டினது. இந்த வீடுகளக் கட்டின நகரத்தார் பூம்புகார்ல கடல்கோளுக்கு ஆளாகி வந்தவங்க, அந்த நெனப்புலதான் வீட்ட உசத்திக் கட்டினாங்கன்னு வழிவழியாச் சொல்வாங்க. அப்படி உசத்தின வீட்டுக்கே தண்ணி ஏறுற நெலைமைக்கு ரோடு வளந்துக்கிட்டு வருது.

இத்தனைக்கும் உத்தரவு இருக்கு ஐயா. 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு சார், பழைய ரோட்டச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும், ரோட்டு மட்டம் ஏறக்கூடாதுன்னு தெளிவாச் சொல்லியிருந்தாரு, உங்க பேப்பர்லயும் வந்திருக்கும். பெரிய ஊர்கள்ல ஓரளவு மில்லிங் மிஷின் வந்து சுரண்டுறாங்க. சின்ன ஊர்ல அந்த மிஷினே வர்றதில்ல, கேக்க ஆளும் இல்ல. அங்கதான் பத்திரிகை எழுதணும்னு நான் கேட்டுக்குறேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கு, அத மறைச்சா சரியா இருக்காது. அடைச்ச வாய்க்கால நாளைக்கே தொறந்து விட்டாலும் வேலை முடியாது. அந்த வாய்க்கால் மழைத் தண்ணிக்குன்னு கட்டினது. இப்ப அதுலதான் நிறைய வீட்டு அடுப்படித் தண்ணி, சோப்புத் தண்ணி, சில எடத்துல கக்கூஸ் தண்ணியும் வருது. அப்படியே ஊரணிக்கு விட்டா ஊரணி சாக்கடையாயிரும், நெறைய ஊர்ல அதுக்குப் பயந்தே வரத்த அடைச்சு வச்சிருக்காங்கன்னு அங்க உள்ளவங்க சொன்னாங்க, அதுல நியாயம் இருக்கு. அதனால மொதல்ல கழிவுத் தண்ணிய தனியாப் பிரிக்கணும், வீட்டுக்கு வீடு அடுப்படித் தண்ணிய வாழைக்கோ கல்வாழைக்கோ விடுறது, கக்கூஸுக்கு ஒழுங்கான செப்டிக் டேங்க், அப்பறம்தான் மழை வாய்க்கால மீட்டு ஊரணியில சேக்கணும். வரிசை மாறினா கெட்ட பேருதான் வரும். எங்க ப்ராஜெக்ட்ல ஒரு தெருவுக்கு இத எப்படிப் பண்ணலாம்னுதான் வரைஞ்சிருக்கோம், மத்த குரூப்பெல்லாம் வீட்டு முகப்ப வரைஞ்சப்ப நாங்க வாய்க்கால வரைஞ்சோம்.

கட்டுமானச் சாமானப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அதுவும் உங்க கட்டுரையில "விலை உயர்ந்த வெளிநாட்டுப் பொருட்கள்"னு மட்டும் வந்திருந்துச்சு. தேக்கு பர்மாவுலருந்து வந்தது, மார்பிள் இத்தாலியிலருந்து வந்தது, உண்மைதான், பர்மா மலேயா சிலோன்னு போயி சம்பாதிச்ச காசு. அந்தப் பகுதிய நான் எகாலஜிக்கல்னு சொல்லமாட்டேன், கப்பல்ல வந்த மரத்த அப்படிச் சொல்றது ஏமாத்து வேலை. 1942ல ஜப்பான்காரன் பர்மாவப் பிடிச்சதும் அந்தக் காசும் நின்னுச்சு, அதோட பெரிய வீடு கட்டுறதும் கொறைஞ்சு போச்சு. ஆனா வீட்டத் தாங்குறது அந்தத் தேக்கு மட்டும் இல்ல. செங்கல்லு, செம்புறாங்கல்லு, சுண்ணாம்பு, ஓடு எல்லாம் பக்கத்துச் சாமான். செவுத்துப் பூச்சப் பத்தி எழுபது வயசுக் கொத்தனார் ஒருத்தர் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டோம், சுண்ணாம்ப ஊறப்போட்டு அரைச்சு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் சேத்து, மேல மேல பூசப் பூச நைசாக்கிக்கிட்டே போயி கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேத்து, வழவழப்பான சின்னக் கல்ல வச்சுத் தேச்சுக்கிட்டே இருக்கணும். நாங்க தொட்டுப் பாத்த செவுத்துக்கு நூறு வயசுக்கு மேல, ஒரு தடவ கூட பெயின்ட் பாக்காத செவுரு, கையி வழுக்குது.

சிமெண்ட் பண்ண சூளைய 1,450 டிகிரிக்கு ஏத்தணும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும், அதுலயும் சுண்ணாம்பு செவுத்துல இறுகும்போது காத்துலருந்து கரியமில வாயுவக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கும். உலகம் முழுக்க மனுசன் வெளியேத்துற கரியமில வாயுவுல ஏழெட்டு சதவீதம் சிமெண்ட்டுனால மட்டும் வருது. எல்லாரும் சிமெண்ட்ட விட்டுட்டு சுண்ணாம்புக்கு மாறணும்னு நான் சொல்லல, நடக்காது. ஆனா பழைய சுண்ணாம்புச் செவுத்த ரிப்பேர் பண்றேன்னு மேல சிமெண்ட் பூசுறாங்க பாருங்க, அதையாவது நிறுத்தணும். சுண்ணாம்புச் செவுரு ஈரத்த வாங்கி வெளிய விடும், சிமெண்ட் அத உள்ளயே அடைச்சு வச்சுரும், அப்பறம் உள்ள இருக்குற செங்கல்லு உப்புப் பூத்துப் பொரிஞ்சு கொட்டுது. காப்பாத்துறதா நெனச்சுச் செலவு பண்ணியே செவுத்தக் கெடுத்துக்குறாங்க, இந்தக் கொத்தனார் மாதிரி ஆளுங்ககிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க.

ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற கல்லு பண்ற பட்டறையில அரை நாள் இருந்தோம். கண்ணாடித் தகட்ட இரும்புச் சட்டத்துக்குள்ள வச்சு, டிசைன் அச்ச மேல வச்சு, கலர் கலந்த சிமெண்ட்டக் கரண்டியில மொண்டு ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்துறாரு ஒரு அண்ணன், அச்சத் தூக்கினா கலர் கலரோட சேராம நிக்குது. மேல உலர் மணலும் சிமெண்ட்டும் தூவி, அதுக்கு மேல கலவையப் போட்டு மட்டம் பண்ணி, காஞ்சதும் தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு, கடைசியா கண்ணாடியப் பிரிச்சா பளபளன்னு வருது. சிமெண்ட் இருக்குதான், ஆனா சூளை கெடையாது, கரண்ட் கெடையாது, மண்ணு அந்தப் பக்கத்து மண்ணு. கடையில விக்கிற டைல்ஸ் ஆயிரம் டிகிரிக்கு மேல வெந்து வருது. ஒரு கல்லு என்னையும் ஊத்த விட்டாங்க, அந்த அண்ணன் கை ஓடுற வேகத்துக்கு முன்னாடி நான் ஒரு இதழ் ஊத்தி முடிக்கல. அவரு பசங்க ரெண்டு பேரும் வேற வேலைக்குப் போயிட்டாங்க, எனக்கப்பறம் இந்த எடத்துல யாரு உக்காருவான்னு தெரியலம்மான்னு அவரு ஊத்திக்கிட்டே சொன்னாரு.

வீடுகள் இடியிறதப் பத்தி உங்க கட்டுரையில வருத்தப்பட்டு எழுதியிருந்தாங்க. காரணம் வெளிய இருக்குறவங்களுக்குப் புரியாது. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளி இருப்பாங்க, சென்னை, கோலாலம்பூர், அமெரிக்கான்னு ஆளுக்கொரு எடம், ஓடு மாத்த காசு போடணும்னா எல்லாரும் ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா ரெண்டு மழையில கூடல்வாய் ஓட்டையாகி மரம் உளுத்துப் போகும், அப்பறம் பிரிச்சு வித்துருவாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை கடையா கதவு, தூணு, நெலை எல்லாம் நிக்குது. அத வாங்கிட்டுப் போயி வேற ஊர்ல ரிசார்ட்டுல வைக்கிறாங்க, பாக்க அழகாத்தான் இருக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறினது, அதுலயும் வீட்ட மட்டும் வச்சு ஏத்தல, தெரு அமைப்பு, மழைநீர், ஊரணி எல்லாத்தையும் சேத்துத்தான் ஏத்தினாங்க. நாம மட்டும் கதவையும் தூணையும் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கோம்.

2003ல நம்ம தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, எனக்கு அப்ப நெனவு தெரியாத வயசு கூட இல்ல, பொறக்கவே இல்ல. அந்தச் சட்டத்தால அப்ப கிணத்துல தண்ணி ஏறினத எங்க தாத்தா இன்னும் சொல்வாரு. நல்ல சட்டம், நான் மனசாரச் சொல்றேன். ஆனா இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப கட்டுற வீட்டுல ப்ளான் அப்ரூவலுக்காக ஒரு குழி வரைஞ்சு காட்டுறாங்க, கட்டினவங்கள்லயே பாதிப் பேருக்கு அந்தக் குழி எங்க இருக்குன்னு தெரியாது, வண்டல் அடைச்சு வருஷக்கணக்காகியிருக்கும். வீட்டுக்கு வீடு குழி வேணும், ஆனா குழி நெறைஞ்சு வழியிற தண்ணிக்கும் ஒரு வழி வேணும், அந்த வழி பொதுவுல இருக்கணும். அதத்தான் நாங்க அந்த ஒரு தெருவுல அளந்து பாத்துட்டு வந்தோம்.

அதனால உங்க கிட்ட கேக்குறது இதுதான் ஐயா. ஊரணி தூர் வாருனாங்கன்னு செய்தி போடும்போது வரத்து வாய்க்கால் எங்க இருக்கு, தொறந்திருக்கான்னும் உங்க நிருபர்கள் ஒரு வரி கேட்டு எழுதணும். வரத்த விட்டுட்டு குழிய மட்டும் ஆழப்படுத்தினா சீமைக்கருவேல மரம்தான் திரும்ப மொளைக்கும். ரோடு போடுற ஊர்கள்ல பழைய ரோட்டச் சுரண்டினாங்களான்னு போட்டோவோட கேளுங்க. அவங்கவங்க ஊர் ஊரணியோட வரத்து வழிய வயசானவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்பச் சொல்லி வாசகர்கள்கிட்ட கேளுங்க, நாங்க கேட்ட வரைக்கும் அறுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்தான் தெருத் தெருவா தெரியுது, நடுத்தர வயசுக்காரங்களுக்கே தெரியல. நாங்க அளந்த தெருவோட ஷீட் எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கோம், சாய்வு அளவோட இருக்கு, நீங்க கேட்டா காசு எதுவும் வேணாம், அனுப்பி வைக்கிறோம்.

நிருபர அனுப்புறதா இருந்தா கார்த்திகை முடியிறதுக்குள்ள, மழை பெய்யிற அன்னைக்கே அனுப்புங்க. வெயில்ல போனா எல்லா வாய்க்காலும் ஒரே மாதிரிதான் தெரியும், தண்ணி ஓடும்போதுதான் எங்க அடைச்சிருக்காங்கன்னு தெரியும்.

நன்றியுடன்,
கட்டடக்கலை மாணவி,
திருச்சி.